பூநகரி ரீச்சர் வீட்டுக்கு நான் போட்ட பவர் சப்ளை

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

கடையை ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கிற மனிதனை நீங்கள் விடுவதாயில்லை. வாரத்துக்கு ஒருவராவது போன் எடுத்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "அண்ணை, பத்து வருசம் நிக்கிற மாதிரி ஒரு கேமிங் கம்பியூட்டர் கேக்கினம். எந்த மதர்போட் போடுறது, எந்த கிராபிக்ஸ் காட் போடுறது?" நான் பெயர் சொன்னால் எழுதிக்கொள்ளப் பேனையோடு இருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நான் சொல்லும் பெயர் அடுத்த வருடம் கடைகளிலேயே இருக்காது. பிறகு "அந்தக் கிழவன் சொல்லித்தான் போட்டனான்" என்று என் தலையில் கட்டுவீர்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கேம் விளையாடுகிற பிள்ளை முதலில் பார்ப்பது கலர் லைட் எரிகிற கேசிங்கை. தகப்பன் பார்ப்பது விலையை. கிராபிக்ஸ் காட்டைப் பற்றி இருவரும் வீடியோ பார்த்துவிட்டு, எங்களுக்கே வகுப்பு எடுக்கிற அளவுக்கு வருவார்கள். பவர் சப்ளையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அது கேசிங்கின் அடியில், மூடிக்குப் பின்னால் கிடக்கும். ஒருவரும் கேட்காத அந்தச் சாமானைத் தெரிவு செய்வதற்குத்தான் நாங்கள் கடையில் நிற்கிறோம்.

ஓமந்தைப் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவருக்குக் கடை தொடங்கிய காலத்தில் ஒரு மெஷின் கட்டிக் கொடுத்தேன். முன்பக்கம் மூன்று விசிறி, பக்கத்தில் கண்ணாடி. நன்றாகக் காற்றிழுக்கும் என்று பெருமையாகச் சொன்னேன். இழுத்ததுதான். எட்டு மாதத்தில் திரும்பி வந்தது, திறந்தால் உமித்தூள் விரல் மொத்தத்துக்குப் படிந்திருந்தது. கேசிங்கில் ஒரு பழுதும் இல்லை. ஆலை வீட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் கேட்காமல் விட்டதுதான் பழுது. அன்றிலிருந்து சாமான் எழுதுவதற்கு முதல் வீட்டைத்தான் விசாரிப்பேன். எந்த அறை, சன்னல் எந்தப் பக்கம், கடற்காற்று வருமா, பின்னேரம் தண்ணி மோட்டர்கள் ஓடும் நேரத்தில் லைட் மங்குமா, எர்த் கம்பி ஒழுங்காக இறக்கியிருக்கிறதா. இதற்கெல்லாம் பதில் வந்தால் பாதிப் பட்டியல் தானாக வந்துவிடும்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதவர்கள் ஒரு மாரிகாலத்தில் தெரிந்துகொள்வீர்கள். நான் எழுத வந்தது வேறு. நான் ஒரு வீட்டுக்குச் செய்த இரண்டு பிழைகள். ஒன்று சாமானைத் தெரிவு செய்ததில். மற்றது அதற்குப் பிறகு வாயைத் திறந்ததில். முதலாவதைத் திருத்த எனக்கு அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது.

பூநகரியில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிற ஒரு ரீச்சர். சிவமலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரே தம்பி, ஜெயன். பத்தொன்பது வயதில் நாட்டை விட்டுப் போய், சுவிஸில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறார். ரீச்சருக்கு ஒரு மகள், தர்சிகா. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்குக் கேம் என்றால் உயிர். அவளுடைய பழைய கம்பியூட்டரில் மாமாவோடு சேர்ந்து விளையாடப் பார்த்து, அது பாதியில் நின்று நின்று, கடைசியில் மாமனே ஒரு முடிவுக்கு வந்தார். லீவில் வரும்போது ஒரு நல்ல காட் கொண்டுவருவது, மிச்சத்தை இங்கே வாங்கிக் கட்டுவது என்று.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். எங்கள் பக்கத்தில் அரைவாசிக் கேமிங் மெஷின்கள் ஒரு சூட்கேசில் இருந்துதான் தொடங்குகின்றன. யாராவது கோயில் திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ வெளிநாட்டில் இருந்து வருவார்கள், சட்டைகளுக்கு நடுவில் சுற்றி ஒரு காட் வரும், அதற்குத் தக்கபடி மற்றதெல்லாவற்றையும் நாங்கள் பொருத்துவோம். அப்படி வரும் சாமானில் அன்பும் இருக்கும், சந்தேகமும் இருக்கும். புதிதா, அங்கே பாவித்துக் கழித்ததா என்று வாங்குகிறவர் மனத்துக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

ஜெயன் என் கடைக்குத் தனியாகத்தான் வந்தார். கறுப்புப் பையில் இருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். கடையில் வைத்த ஒட்டுக்கூடக் கழற்றாத பெட்டி.

"ஒரே மாதிரி ரெண்டு வாங்கினனான் அண்ணை. ஒண்டு எனக்கு, ஒண்டு மருமகளுக்கு. அப்பதான் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஓடும். நீங்களே உடையுங்கோ."

கத்தியை எடுத்து அந்த ஒட்டை வெட்டியது நான்தான். வெறும் பெட்டியைக் குப்பைக்குள் போட்டதும் நான்தான். அந்தக் காட் புத்தம் புதிது என்பதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் இந்த நாட்டில் நான். இதை மறந்துவிடாதீர்கள்.

அவருக்கு எழுதிக் கொடுத்த பட்டியல் இன்றைக்கும் எனக்குப் பெருமையானதுதான். பிறகு ராம் கூட்டக்கூடிய மதர்போட், கடற்காற்றுக்குத் தூசித்தட்டு வைத்த கேசிங், அந்தக் கிராபிக்ஸ் காட்டின் மின்சாரப் பசிக்கு மேலால் மிச்சம் விட்டுக் கொடுக்கிற ஒரு நல்ல பவர் சப்ளை. எல்லாம் வந்துவிட்டன, பவர் சப்ளை மட்டும் கொழும்பில் இருந்து வரவில்லை. ஜெயனுக்கு இன்னும் இரண்டு நாளில் விமானம்.

"அம்மாவுக்கு உடம்பு ஏலாது அண்ணை. நான் போக முதல் நானும் பெட்டையும் விளையாடுறதை அம்மா ஒருக்காப் பாக்கோணும் எண்டு நிக்கிறா. நாளைக்குத் தருவீங்களோ?"

"தருவன்," என்றேன்.

கடைத் தட்டில் ஒரு பவர் சப்ளை கிடந்தது. பெட்டியில் பெரிய எண் போட்டிருக்கும், கையில் எடுத்தால் பாரமே இருக்காது. அந்த வகையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். எழுத்து வேலை செய்யும் கந்தோர் மெஷினுக்குப் போடலாம். அந்தக் காட்டுக்குப் போடக்கூடாது, அதுவும் பின்னேரத்தில் லைட் மங்குகிற பூநகரியில் போடவே கூடாது. போட்டேன். நல்லது வந்ததும் நானே போய் மாற்றிவிடுவேன் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். ஜெயனிடம் சொல்லவில்லை. மெஷின் ஓடியது. கிழவி கதிரையில் இருந்து பார்த்துச் சிரித்தாராம். ஜெயன் விமானம் ஏறினார்.

ஒன்பதாம் நாள் நல்ல பவர் சப்ளை வந்தது. அன்றைக்கே அவசரமாக நின்ற இன்னொருவரின் மெஷினுக்கு அதைப் போட்டுவிட்டேன். ரீச்சர் வீட்டுக்கு அடுத்த லொறியில் எடுக்கலாம் என்றிருந்தேன். அடுத்த லொறி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஓடுகிற மெஷினைப் பற்றி ஒருவரும் போன் எடுக்க மாட்டார்கள் அல்லவா. மெல்ல மெல்ல மறந்தேன். மறக்க வசதியாக இருந்தது என்று சொல்வதுதான் சரி.

ஜெயன் திரும்பிப் போய் இரண்டு மாதத்தில் தாய் இறந்துவிட்டார். இருந்த லீவையெல்லாம் அப்போதுதான் எடுத்து முடித்திருந்தார், வர முடியவில்லை. மருமகனான ரீச்சரின் கணவர்தான் கொள்ளி வைத்தார். வருடம் திரும்பும்போது செய்கிற ஆட்டைத் திவசத்துக்கு எப்படியும் வந்து, மகனாக இருந்து செய்வேன் என்று அக்காவுக்குச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனும் மருமகளும் விளையாடுவார்கள். விளையாட்டு முடிந்ததும் ரீச்சர் வந்து அந்தக் கதிரையில் இருந்து தம்பியோடு கதைப்பார். அந்த வீட்டுத் துக்கம் ஆறியதே அந்த மெஷினுக்கு முன்னால் இருந்துதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மெஷின் கட்டி ஒரு வருடமும் சில நாளும் இருக்கும். திவசத்துக்கு இன்னும் ஆறு கிழமை. ரீச்சரும் மகளும் முச்சக்கர வண்டியில் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"டப்பெண்டு ஒரு சத்தம் அங்கிள், பிறகு எரிஞ்சு மணந்தது," என்றாள் தர்சிகா.

கடையில் அன்று ஆட்கள் நிறைய. தனியார் வகுப்பு நடத்துகிற ஒரு ரியூட்டரிக்காரர் தன் வகுப்பறைக்கு வேண்டிய மெஷின்கள் எல்லாவற்றையும் என்னிடமே எடுப்பதா என்று யோசித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கேசிங்கின் மூடியைக் கழற்றியதும் மணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பவர் சப்ளை எரிந்திருந்தது. காட்டைக் கழற்றி வேறொரு மெஷினில் போட்டுப் பார்த்தேன். செத்துக் கிடந்தது. போகிற போக்கில் அதையும் கொண்டுபோயிருந்தது நான் போட்ட சாமான்.

"என்ன அண்ணை பழுது?" என்று கேட்டார் ரீச்சர்.

ரியூட்டரிக்காரரும் திரும்பிப் பார்த்தார். எனக்கு யோசிக்க ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது இதுதான்.

"காட் பழுதாப் போச்சுது ரீச்சர். வெளியில இருந்து வாற சாமான். புதுசோ, பாவிச்சதோ, ஆர் கண்டது?"

காட் பழுது என்பது உண்மை. ஆர் கண்டது என்று கேட்டேனே, அதுதான் பொய். கண்டவன் நான்.

தர்சிகா உடனே, "இல்லை, மாமா புதுசெண்டுதான் சொன்னவர்," என்றாள். ரீச்சர் அவளை ஒரு பார்வை பார்த்தார், பிள்ளை வாயை மூடிக்கொண்டது. நான் எரிந்த பவர் சப்ளையைக் கழற்றி மேசைக்கு அடியில் கிடந்த பழைய சாமான் பெட்டிக்குள் போட்டேன். நல்லதொன்றை எடுத்துப் பொருத்தினேன். காசு வேண்டாம் என்றேன். காட் இல்லாமலே படம் தெரிய, எழுத, படிக்க ஓடும், கேம் மட்டும் ஓடாது என்று சொல்லி அனுப்பினேன்.

"உங்களை மாதிரி ஆக்கள் இருக்கிறபடியாத்தான் அண்ணை," என்று ரீச்சர் கண் கலங்கி நன்றி சொன்னார். நானும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற நேரங்களை எண்ணச் சொன்னால் அந்த நேரத்தைத்தான் முதலில் சொல்வேன்.

இதற்குப் பிறகு மூன்று கிழமை நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முத்தையா வந்ததோடு அது முடிந்தது. முத்தையா ஸ்கந்தபுரத்து ஆள், வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். தாய் தகப்பன் மலையகத்தில் இருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். என்னோடு ஒத்த வயது. எர்த் சரியில்லாத வீடுகளுக்கு நான் அவரைத்தான் அனுப்புவேன். ரீச்சர் வீட்டு வயரிங்கும் அவர் செய்ததுதான். ஏதோ சுவிட்ச் மாற்ற அந்த வீட்டுக்குப் போய்விட்டு நேராக என் கடைக்கு வந்தார். தேநீர் வேண்டாம் என்றார். அப்படி அவர் சொன்னதே இல்லை.

"அண்ணே, டப்புன்னு சத்தம் கேட்டுச்சுன்னு அந்தப் புள்ள சொல்லுது. அந்த ரீச்சரம்மா மெஷின்ல கழட்டின பவர் சப்ளை எங்க?"

என் கண் மேசைக்கு அடியில் போனது. அவரே குனிந்து பெட்டிக்குள் கிளறி எடுத்தார், மூடியைக் கழற்றினார், மணந்து பார்த்தார். பிறகு அதை மேசையில் எனக்கு முன்னால் வைத்தார்.

"அந்தம்மா தம்பிகிட்ட சண்ட போட்டிருக்கு. தனக்குப் புதுச வச்சுக்கிட்டு எங்களுக்குக் கழிச்சத குடுத்துட்டன்னு கேட்டிருக்கு. அவரு இப்ப பேசுறதில்லயாம். திதிக்கும் வரமாட்டாராம். யாரு சொன்னது கழிச்ச சாமான்னுன்னு கேட்டேன். நீங்கதான் சொன்னீங்களாம்."

"நான் அப்பிடிச் சொல்லேல்ல முத்தையா. ஆர் கண்டது எண்டுதான் சொன்னனான்."

"பழிய என் வயரிங் மேல போட்டிருந்தீங்கன்னா, மறுநாளே டெஸ்டரோட வந்து நின்னிருப்பேன். அது ஒங்களுக்குத் தெரியும். சுவிஸ்ல இருக்கிறவரு வந்து நிக்க மாட்டாரு. அதான் அவரு மேல போட்டீங்க." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "பக்கத்துல யாரு இல்லயோ, யாரு எதுத்துப் பேச மாட்டாங்களோ, அவங்க மேல போடுறது லேசு அண்ணே. எங்க ஆளுங்களுக்கு அது நல்லாத் தெரியும்."

அவர் போய்விட்டார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இவர் யார் எனக்குச் சொல்ல என்று வந்தது. பிறகு அதுவும் போய், மேசையில் கிடந்த அந்தச் சாமானும் நானும்தான் மிச்சம்.

உடனே பூநகரிக்குப் போயிருக்க வேண்டும். நான் நான்கு நாள் எடுத்தேன். முதலாம் நாள் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். இரண்டாம் நாள் போனில் சொல்லலாமா என்று யோசித்தேன். மூன்றாம் நாள் புதுக் காட் ஒன்று வருவித்துக் கொடுத்தால் சொல்லாமலே சமாளிக்கலாம் என்று யோசித்தேன். நான்காம் நாள் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை, மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

ரீச்சர் வீட்டில் மகளோடு இருந்தார். தேநீர் போட எழும்பினார். "முதல் இருங்கோ ரீச்சர்," என்று சொல்லி, எரிந்த பவர் சப்ளையைப் பையில் இருந்து எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியின் ஒட்டை நான் வெட்டியதை, தட்டில் கிடந்ததைப் போட்டதை, நல்லது வந்தும் வேறு மெஷினுக்குப் போட்டதை, கடையில் நான் சொன்ன வார்த்தையை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"கடையில ஆக்கள் நிண்டவை ரீச்சர்."

"அவ்வளவுக்குத்தானோ?"

ஓம் என்று தலையை ஆட்டினேன். வேறு காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

"நான் அவனுக்கு என்ன சொன்னனான் எண்டு தெரியுமோ உங்களுக்கு?" அவருடைய குரல் அப்போதுதான் உடைந்தது. "அம்மா செத்ததுக்கும் வரேல்ல, தந்த சாமானும் கழிச்சதுதான் எண்டு சொன்னனான். அம்மாவை ஏன் அதுக்குள்ள இழுத்தனான் எண்டு எனக்கே தெரியாது. இவ்வளவு நாளும் மனசுக்குள்ள கிடந்தது, ஒரு சாட்டுக் கிடைச்சவுடன வந்திட்டுது."

அந்தச் சாட்டு நான் கொடுத்தது. ஒரு வீட்டுக்குள் பல வருடமாக என்ன கிடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, பிள்ளைகளே. மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு நாங்கள் சொல்லும் ஒரு வார்த்தையை அவர்கள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் கையில் ஸ்க்ரூட்ரைவர் இருப்பதால் நாங்கள் சொல்வது உண்மை என்று நினைப்பார்கள்.

ரீச்சர் தம்பிக்கு அழைத்தார். எடுக்கவில்லை. தர்சிகா தன் போனில் இருந்து அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள். "சொல்லு மருமகள்," என்று குரல் வந்தது. நான் பேசினேன். முழுவதையும் மறுபடியும் சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரங்கள் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது.

"எனக்குத் தெரியும் அண்ணை," என்றார் ஜெயன். "டப்பெண்டு சத்தம் கேட்டு மணந்தது எண்டு பெட்டை சொன்ன நேரமே பவர் சப்ளை எண்டு விளங்கிட்டுது. இஞ்ச என்ர காட் இப்பவும் ஓடுது."

"பிறகு ஏன் நீங்கள் சொல்லேல்ல?"

"சொல்லி? காட் பழுதெண்டு சொன்னது நீங்கள். கழிச்சதைத் தந்தவன் எண்டு சொன்னது அக்கா. நீங்கள் வந்து சொன்னாத்தான் நான் நல்லவன் எண்டா, நான் என்னத்துக்கு அங்க வாறது?"

ரீச்சர் போனுக்குக் கிட்ட வந்து, "தம்பி," என்றார்.

"அக்கா, இனி வர ஏலாது. திவசத்துக்கு எண்டு எடுத்து வைச்ச லீவை முந்தநாள் இன்னொருத்தருக்கு விட்டுக் குடுத்திட்டன். மனம் கேளாம நேற்றுக் கேட்டுப் பாத்தன், திருப்பி எடுக்க விடமாட்டினம்."

முந்தநாள். நான் மூன்றாம் நாளாக யோசித்துக்கொண்டிருந்த அந்த வியாழக்கிழமை. முத்தையா வந்துபோன அன்றைக்கே நான் மோட்டார் சைக்கிளை எடுத்திருந்தால் அவர் வந்திருப்பார். இதை ரீச்சருக்கு நான் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பிழையான சாமான் போடாத ஆள் எங்கள் தொழிலில் இல்லை. நாளைக்கு நீங்களும் போடுவீர்கள். போட்டால், கடையில் யார் நின்றாலும், அன்றைக்கே, அந்த இடத்திலேயே "நான் போட்டது பிழை" என்று சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அங்கே இல்லாதவரின் பெயரை மட்டும் எடுக்காதீர்கள். அன்று கடையில் நின்ற ரியூட்டரிக்காரர் அடுத்த கிழமை வேறு கடையில் மெஷின்கள் எடுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தது எதையும் அந்தப் பொய் காப்பாற்றவில்லை.

அதே மாதிரிக் காட் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு அடுத்த கிழமை பூநகரிக்குப் போனேன். வீட்டில் வைத்தே பொருத்தினேன். அப்போதுதான் தர்சிகா அந்த யோசனையைச் சொன்னாள். மாமா வரமுடியாவிட்டால் மாமா அங்கே இருந்து செய்யட்டும், நாங்கள் இங்கே இந்தப் பெரிய ஸ்கிரீனைப் பூசை நடக்கும் இடத்தில் வைப்போம் என்று.

"போனில காட்டினாப் போதாதோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"போன் வேண்டாம் அம்மா. அம்மம்மாவின்ர படத்துக்குப் பக்கத்தில மாமா ஆள் அளவுக்கு இருக்கோணும்."

ஐயர் முதலில் தயங்கினார். பிறகு, "சங்கற்பம் மகன்ர வாயால வரட்டும், மிச்சத்தை மருமகன் கையால செய்விப்பம்," என்று ஒத்துக்கொண்டார். அன்று காலை மெஷினை நானே தூக்கி வந்து கூடத்தில் வைத்தேன். முத்தையா தன்னுடைய சின்ன ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, வேலிக்கரையில் வைத்துக்கொண்டு காவல் இருந்தார். அவரை நான் கூப்பிடவில்லை. எண்ணெய் இருக்கிறதா என்று ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தார்.

சுவிஸில் அப்போது விடியவில்லை. ஜெயன் வேட்டி கட்டி, விரலில் தர்ப்பையோடு, ஒரு சின்ன அறையில் தரையில் இருந்தார். ஐயர் சொல்லச் சொல்லத் தாயின் பெயரைச் சொன்னார். முதல் தடவை சொல்லும்போது குரல் வரவில்லை, ஐயர் பொறுத்திருந்து மறுபடி சொல்லிக் கொடுத்தார். அங்கே அவர் தட்டத்தில் எள்ளும் தண்ணீரும் விட, இங்கே மருமகன் விட்டார். நான் மெஷினுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் அந்தப் பிளக்கையும் சின்ன லைட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் போகவில்லை. மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

எல்லாம் முடிந்து படைத்த பிறகு ரீச்சர் வந்து ஸ்கிரீனுக்கு முன்னால் நின்றார். இருவரும் என்ன பேசப் போகிறார்கள் என்று கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். மன்னிப்பு என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை.

"அக்கா, விடியவில இருந்து விரதமெல்லே," என்றார் ஜெயன். "போய்ச் சாப்பிடு."

"நீயும் ஏதும் சாப்பிடு தம்பி."

"ஓம்."

நான் எழும்பி வயர்களைச் சுற்றத் தொடங்கினேன். ஜெயன் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. இன்றுவரை பேசியதில்லை. கண்ணை எடுத்துக்கொண்டு, தமக்கையிடம்தான் சொன்னார்.

"அக்கா, கடைக்கார அண்ணை காலமை தொடக்கம் அதில இருக்கிறார். அவரையும் சாப்பிட வைச்சு அனுப்பு."

ரீச்சர் எனக்கு வாழையிலை போட்டார். நான் முத்தையாவுக்குப் பக்கத்தில் இருந்து, தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டேன்.